மகளுக்கு எப்ஸ்டீன் குறைபாடு என்கிறார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டுமா?

நான் மருத்துவர் அல்லேன். இதே குறைபாட்டோடு பிறந்து, அது தெரியாமலேயே வளர்ந்து, நடுவயதை எட்டியவள். ஒருத்தியின் அனுபவம் எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்க வருவோர் அறிக: பொருந்தாது என்பதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

இது பிறவி இதயக் குறைபாடு. இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் இரண்டு இதழ்கள், இருக்கவேண்டிய இடத்திலிருந்து இறங்கிக் கீழறைச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். மூன்றாவது இதழ் பாய்மரத் துணிபோல் விரிந்திருக்கும். வால்வு சரியாக மூடாததால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். ஏறத்தாழ 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. 1866இல் ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டீன் விவரித்தது 19 வயதில் இறந்த ஒரு தொழிலாளியின் இதயத்தை. இணையத்தில் இதைப் படித்துத்தான் பெற்றோர் பலர் நிலைகுலைகிறார்கள். பிறந்தவுடன் நீலம் பாரிக்கும் குழந்தைகளும் உண்டு. முதுமையில், வேறு எதற்கோ எடுத்த எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படம்) தற்செயலாகக் கண்டறியப்படுவோரும் உண்டு.

எனக்கு வந்தது படபடப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டென்று தொடங்கும், கழுத்தில் துடிப்பது கண்ணாடியில் தெரியும், தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிடும். இ.சி.ஜி. கூட எடுக்காமல் “மனப்பதற்றம், நன்றாகத் தூங்குங்கள்” என்று அனுப்பிய மருத்துவர்களை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓர் ஆண் போய் இதையே சொல்லியிருந்தால் முதலில் இ.சி.ஜி.தான் எடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம், மிகை என்போர் சொல்லிக்கொள்ளட்டும். இக்குறைபாடு உள்ளவர்கள் சிலருக்கு மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். எனக்கும் இருந்தது. இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அதைச் சுட்டழித்த பின் படபடப்பு நின்றது. வால்வில் யாரும் கை வைக்கவில்லை, ஆண்டுதோறும் எக்கோ மட்டும் எடுக்கிறேன்.

இதனால் அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். பிரேசிலைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் ட சில்வா 1993இல் தொடங்கிய ‘கோன்’ முறையில், இதழ்களைச் சுவரிலிருந்து பிரித்துக் கூம்பாகத் தைத்து, குழந்தையின் சொந்த வால்வையே சீராக்குகிறார்கள்; தேவைப்படும் குழந்தைக்கு அது பெரிய வரம். உங்கள் மகளுக்குத் தேவையா என்பதை அவளுடைய கசிவின் அளவு, வலப்பக்க அறைகள் எவ்வளவு விரிந்துள்ளன, மேலறைகளுக்கு இடையே துளை இருக்கிறதா, ஓடி விளையாடிய பின் ஆக்ஸிஜன் அளவு குறைகிறதா என்பவை சொல்லும். பிறவி இதயக் குறைபாடுகளையே பார்க்கும் நிபுணரிடம், ஒற்றை வரி அறிக்கையை மட்டும் நீட்டாமல், எக்கோ பதிவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.