ஹேபியஸில் உண்டு, மாண்டமஸில் இல்லை: லத்தீன் சப்ஜங்டிவ்

கேள்வி: சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். ஆர்வத்தால் ஓராண்டாக லத்தீனும் கற்று வருகிறேன். ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்பதில் வருவது சப்ஜங்டிவ், ‘மாண்டமஸ்’ சாதாரண வினை என்று படித்தேன். லத்தீனில் இரண்டிலும் ‘ஆ’ ஓசைதானே இருக்கிறது? சப்ஜங்டிவை எப்படி அடையாளம் காண்பது? தமிழில் அதை எப்படிச் சொல்வது?

பதில்: நல்ல இடத்தில் தடுக்கி நிற்கிறீர்கள். நடப்பதை வெறும் செய்தியாகச் சொல்லாமல் விருப்பம், ஆணை, நோக்கம், நிபந்தனை போன்றவற்றைக் காட்டும் வினைவடிவம்தான் சப்ஜங்டிவ். அதற்கென்று தனி உயிரெழுத்து எதுவும் கிடையாது. அந்த வினைக்கு இயல்பாக உள்ள உயிர் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

‘ஆணையிடு’ என்பதற்கான இன்ஃபினிட்டிவ் (காலமும் இடமும் காட்டாத வினைவடிவம்) மந்தாரே. ‘ஆ’ அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஆகவே மாண்டமஸ் என்னும் நீதிமன்ற ஆணையின் பெயரான மந்தாமுஸ் என்றால் ‘ஆணையிடுகிறோம்’, வெறும் செய்திதான். அந்த ‘ஆ’ ‘ஏ’ ஆகி மந்தேமுஸ் என்று வந்தால்தான் சப்ஜங்டிவ்: ‘ஆணையிடுவோமாக’. லத்தீன் வினைகளில் நான்கு வகை உண்டு. மந்தாரே முதல் வகை, ஹபேரே (‘வைத்திரு’) இரண்டாம் வகை. அதன் இயல்பான உயிர் ‘ஏ’. ஹபேஸ் என்றால் ‘வைத்திருக்கிறாய்’. நடுவில் ‘ஆ’ வந்து சேர்ந்து ஹபெயாஸ் ஆகும்போது ‘வைத்திருப்பாயாக’. கார்பஸ் என்றால் உடல். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்கிற ஆணை அது. நம் ஆட்கொணர்வு மனு. கேவியட் மனுவும் (தன்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கொடுப்பது) இதே வகைதான். கவெத் ‘எச்சரிக்கையாக இருக்கிறார்’, கவெயத் ‘எச்சரிக்கையாக இருப்பாராக’.

மூன்றாம் வகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீவெரே, ‘வாழ்’. வீவித் ‘வாழ்கிறான்’, வீவத் ‘வாழ்க’. ஆனால் வீவெத் என்றால் சப்ஜங்டிவ் இல்லை, எதிர்காலம்: ‘வாழ்வான்’. முதல் வகையில் மந்தெத் சப்ஜங்டிவ், மூன்றாம் வகையில் வீவெத் எதிர்காலம், முடிவு ஒன்றேதான். தன்மை ஒருமையில் இன்னும் மோசம், வீவம் என்பது இரண்டாகவும் இருக்கலாம். அதனால் வாக்கியத்தில் வினையைக் கண்டதும் அதன் இன்ஃபினிட்டிவை ஓரத்தில் எழுதிவிட்டு அப்புறம் பொருள் தேடுங்கள். ஆறு மாதம் இதை விடாமல் செய்தால் கண்ணே பழகிவிடும்.

இரண்டாம் வகை ஹபேரேயில் நெடில் ‘ஏ’, மூன்றாம் வகை வீவெரேயில் குறில் ‘எ’. லத்தீன் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது; அகராதிதான் கோடு போட்டுக் காட்டும். தமிழில் எழுதிப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. எழுத்தில் எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்கியவர் என்று நாம் போற்றும் வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதியவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நான்காம் வகை எளிது: அத்வெனித் ‘வருகிறது’, அத்வெனியத் ‘வருக’. ‘இரு’ என்னும் எஸ்ஸே மட்டும் தன் வழியில் போகும். ஸிம், ஸிஸ், ஸித் என்று மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மற்ற காலங்கள் இவ்வளவு படுத்தாது. இன்ஃபினிட்டிவோடு விகுதியை ஒட்டினால் இறந்தகால சப்ஜங்டிவான இம்பர்ஃபெக்ட் கிடைத்துவிடும்: மந்தாரெத், ஹபேரெத், எஸ்ஸெத். முடிந்த செயலுக்கு, நீங்கள் தினமும் பார்க்கும் பிரமாணப் பத்திரமான அஃபிடவிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அஃபிதாவித் என்றால் ‘சத்தியம் செய்திருக்கிறார்’. கடைசி ‘இத்’தை எடுத்துவிட்டு ‘எரித்’ சேர்த்தால் பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், ‘இஸ்ஸெத்’ சேர்த்தால் அதற்கும் முன்பே முடிந்ததைச் சொல்லும் ப்ளூபர்ஃபெக்ட். விதிவிலக்கான வினைகளும் இங்கே ஒழுங்காகவே நடந்துகொள்ளும்.

சரி, பொருளுக்கு வருவோம். சப்ஜங்டிவ் தலைமை வினையாகத் தனித்து நின்றால், பெரும்பாலும் நம் வியங்கோள் போதும். வீவத் ‘வாழ்க’. ஆர்.ஐ.பி. என்பதன் மூலமான ரெக்வியேஸ்கத் இன் பாக்கே ‘அமைதியில் இளைப்பாறுக’. கிறிஸ்தவர்களின் கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘உமது ஆட்சி வருக’ என்பது லத்தீனில் அத்வெனியத் என்ற சப்ஜங்டிவ். ‘உணவைத் தாரும்’ என்பது தா என்ற ஏவல். வருக, தாரும் என்று தமிழும் அதே இடத்தில்தான் பிரிகிறது. இதைவிட நல்ல பயிற்சி வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை.

துணைவாக்கியத்துக்குள் போனதும் வியங்கோளை மறந்துவிடுங்கள். அங்கே தமிழ் வடிவத்தை முடிவு செய்வது முன்னால் நிற்கும் இணைப்புச் சொல்தான். லபோரோ உத் வீவம் என்றால் ‘வாழ்வதற்காக உழைக்கிறேன்’. அதே உத், முன்னால் தம் (‘அவ்வளவு’) வந்தால் விளைவைச் சொல்லும்: தம் ஃபெஸ்ஸுஸ் எஸ்த் உத் தொர்மியத், ‘தூங்கிப்போகும் அளவுக்குக் களைத்திருக்கிறான்’. மறைமுகக் கேள்வியில் தமிழில் எந்தச் சிறப்பு வடிவமும் வேண்டாம். நெஸ்கியோ குவித் ஃபகியத், ‘என்ன செய்கிறான் என்று தெரியவில்லை’. ‘செய்வானாக’ என்று எழுதினால் பிழை. தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால் லத்தீன் உள்ளேயும் மாறும்: நெஸ்கியேபம் குவித் ஃபகெரெத். ஆனால் தமிழில் ‘என்ன செய்கிறான் என்று அன்று தெரியவில்லை’ என்று உள்ளே நிகழ்காலமே நிற்கும். தமிழிலிருந்து லத்தீனுக்கு எழுதும்போது நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

நிபந்தனையில் லத்தீன் நம்மைவிடக் கறாரானது. ‘பணம் இருந்தால் கொடுப்பான்’ என்றால், இருக்கலாமா, இல்லவே இல்லையா? தமிழில் சூழலும் குரலும்தான் சொல்லும். லத்தீனில் சீ ஹபெத், தத் என்றால் இருக்கலாம், இருக்கும்போது கொடுக்கிறான். சீ ஹபேரெத், தரெத் என்றால் இப்போது அவனிடம் இல்லை. சீ ஹபுயிஸ்ஸெத், தெதிஸ்ஸெத் என்றால் அன்றும் இல்லை: ‘இருந்திருந்தால் கொடுத்திருப்பான்’.

கடைசியாக அச்ச வாக்கியம், மாணவர்களைத் தலைகீழாக நிறுத்துவது. திமெயோ நே வெனியத் என்பதில் நே (‘கூடாது’) இருப்பதால் ‘வரமாட்டான் என்று அஞ்சுகிறேன்’ என்று எழுதிவிடுவார்கள். இதை இரண்டு வாக்கியமாகக் கேளுங்கள்: ‘பயமாக இருக்கிறது. வராமல் இருக்கட்டும்!’ அப்படியானால் பொருள் ‘வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறேன்’. நே இருந்த இடத்தில் உத் வந்தால், ‘வராமல் போய்விடுவானோ’. இந்த ‘ஓ’ விகுதி லத்தீனின் அச்சத்தை அப்படியே ஏந்திக்கொள்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.