பார்சல் உங்களுக்கு, கூரியர் விற்பவருக்கு

கேள்வி: தையல் சாமான்கள், பழைய புத்தகங்கள் என்று ஆன்லைனில் சிறு விற்பனையாளர்களிடம் அடிக்கடி வாங்குகிறேன். பகலில் வீட்டில் ஆள் இருக்காது. முன்பெல்லாம் தபாலில் வரும். நான் இல்லையென்றால் தபால்காரர் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார், வேலை முடிந்து வரும் வழியில் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்வேன். இப்போது யாரைப் பார்த்தாலும் கூரியர். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று குறுஞ்செய்தி வருகிறது, எங்கோ இருக்கும் கிடங்குக்கு நான் அலைய வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் இருந்த ஒரு நாளிலும் அதே செய்தி வந்தது! வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பொட்டலத்துக்கு சுங்க வரியைவிட கூரியர் போட்ட கட்டணம் அதிகம். தபாலில் அனுப்பச் சொன்னால் விற்பவர் முடியாது என்கிறார். அவரைக் கட்டாயப்படுத்த வழி உண்டா? இவர்களுக்கெல்லாம் தபால் மேல் அப்படி என்ன வெறுப்பு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கட்டாயப்படுத்த வழி இல்லை. நுகர்வோர் சட்டங்கள் பொதுவாக, பொருள் சொன்னபடி, சொன்ன நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்கின்றன. யார் கையால் வர வேண்டும் என்பதை விற்பவரிடமே விட்டுவிடுகின்றன. ஆனால் கேட்டு வாங்க வழி உண்டு. கேட்க வேண்டிய நேரமும் ஆளும்தான் உங்கள் விஷயத்தில் மாறிப்போயிருக்கின்றன. உங்கள் கோபம் நியாயமானது, போய்ச் சேரும் விலாசம்தான் தப்பு.

கூரியர் கம்பெனிக்கு வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, விற்பவர். ஒப்பந்தம் அவரோடு, பில்லும் அவர் பேருக்கு. அந்தக் கம்பெனியின் கணக்கில் நீங்கள் ஒரு விலாசம், ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். நீங்கள் போன் போட்டுக் கத்தினால் “அனுப்பியவரைத் தொடர்புகொள்ளுங்கள்” என்கிறார்களே, எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் பொய்யில்லை. பார்சல் தொலைந்தால்கூட அவர்களிடம் இழப்பீடு கேட்கும் உரிமை பொதுவாக அனுப்பியவருக்குத்தான் இருக்கிறது. நீங்கள் கிடங்கில் நின்று சண்டை போட்டு ஜெயித்தாலும் அடுத்த பார்சல் அதே வேனில்தான் வரும். விற்பவர் போய், “உங்கள் ஆட்களால் எனக்கு வாடிக்கை போகிறது” என்று சொன்னால்தான் அங்கே காது கேட்கும்.

தபாலின் பிறப்பே வேறு. 1840-ல் பிரிட்டன் ஒரே சீரான தபால் கட்டணத்தைக் கொண்டுவந்தது. உள்நாட்டில் எவ்வளவு தூரமாக இருந்தாலும், குறிப்பிட்ட எடைக்கு ஒரே தொகை, அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டியே கட்டிவிடலாம், கட்டாவிட்டால் வாங்குகிறவரிடம் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அதிலிருந்து வளர்ந்த உலக அஞ்சல் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டின் அடிநாதம், எல்லா விலாசத்துக்கும் சேவை உண்டு என்பது. மலை உச்சியில் ஒற்றை வீடாக இருந்தாலும் அது தபாலின் பொறுப்பு. கூரியருக்கு அந்தக் கடமை கிடையாது. கட்டுப்படியாகாத இடத்துக்குக் கூடுதல் கட்டணம் போடலாம், ‘அங்கே சேவை இல்லை’ என்று கைவிரிக்கவும் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பெரிய கூரியர் கம்பெனிகளே வாடிக்கையாளர் வீடு வரையிலான கடைசித் தூரத்துக்குப் பல வருடங்கள் தபால் துறையிடம் பார்சல்களை ஒப்படைத்து வந்தன. தபால்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகிறவர்தானே!

அந்த ‘கதவு பூட்டியிருந்தது’ விஷயத்துக்கு வருவோம். கூரியர் ஆட்கள் பல இடங்களில் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. கொடுத்து முடித்த பார்சல் கணக்குக்குத்தான் காசு. காலையில் வேன் நிறைய ஏற்றி விடுகிறார்கள். பொழுது சாய்ந்தும் வேனில் பத்துப் பதினைந்து பெட்டிகள் கிடந்தால், ஒவ்வொன்றுக்கும் கையிலிருக்கும் கருவியில் ஒரு காரணத்தை அழுத்தினால்தான் அன்றைய கணக்கு முடியும். ‘நேரம் போதவில்லை’ என்று அழுத்தினால் மேலிடம் கேள்வி கேட்கும். ‘ஆள் இல்லை’ என்றால் கேட்காது. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கதவு பூட்டப்படுவது இப்படித்தான். இதைச் செய்கிற பையன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, இத்தனை பெட்டியை ஒரே ஆள் தலையில் கட்டுகிறவர்கள் மேல் வருகிறது.

அடுத்து, விற்பவர்களின் ‘வெறுப்பு’. வெறுப்பெல்லாம் இல்லை, அலுப்புதான். வீட்டிலிருந்தபடி வியாபாரம் செய்கிற ஒருவர் ராத்திரி உட்கார்ந்து இருபது ஆர்டருக்கு டேப் ஒட்டி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் என்றால் கணினியில் இருபது லேபிளையும் மொத்தமாக அச்செடுத்து ஒட்டிவிடலாம், மறுநாள் ஆள் வந்து வாசலிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார். தபால் என்றால் பல ஊர்களில் இன்னும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். அதோடு, பெரிய விற்பனைத் தளங்கள் விற்பவரை மதிப்பெண் போட்டு எடை போடுகின்றன. எத்தனை நாளில் அனுப்பினார், டிராக்கிங் எண் வேலை செய்கிறதா, சொன்ன தேதியில் சேர்ந்ததா என்று எல்லாவற்றுக்கும் புள்ளி. “எனக்குப் பொருள் வரவே இல்லை” என்று ஒருவர் புகார் கொடுத்தால், டிராக்கிங் பதிவு இல்லாத விற்பவர் பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பதிவில்லாத சாதாரணத் தபாலில் அனுப்ப அவர் பயப்படுவது இதனால்தான். பொய்ப் புகார் கொடுக்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கைப் பல சிறு விற்பனையாளர்கள் போட்டுப் பார்ப்பதே இல்லை. அதை நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். சர்வதேச எக்ஸ்பிரஸ் கூரியர்களில் வழக்கமான கணக்கு, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 24,000, வகுத்தால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ கம்பளி நூல் உருண்டைகள்தான், கட்டணமோ ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு! தபாலின் சிறு பொட்டல வகையில் அளவுக்கு ஒரு வரம்பு இருக்கும், அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் நிஜ எடைதான் கணக்கு. நாடு விட்டு நாடு போகும் சிறு பொட்டலத்துக்கு எடை வரம்பு 2 கிலோ. நீங்கள் வாங்குகிற பொத்தான், லேஸ், ஒற்றைப் புத்தகம் எல்லாம் இந்த வகையில் தாராளமாக அடங்கும். புத்தகங்களுக்குத் தனிச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கிற நாடுகளும் பல. “டிராக்கிங் இல்லையே” என்று அவர் சொன்னால், தபாலிலும் பதிவு செய்து அனுப்பும் வகைகள் உண்டு என்று சொல்லுங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்து என்று மொத்தம் 13 குறி கொண்ட எண் வரும். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை அது. அதே எண்ணை, பொருள் வந்து சேரும் நாட்டுத் தபால் துறையின் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தபாலைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். 2025 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கா, 800 டாலர் வரையிலான இறக்குமதிப் பொட்டலங்களுக்கு இருந்த வரி விலக்கை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று புரியாமல் 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்திவைத்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. பெரிய எக்ஸ்பிரஸ் கூரியர்கள் சுங்க வேலையைத் தாங்களே செய்கிறவர்கள், அதனால் அவர்களால் தொடர்ந்து அனுப்ப முடிந்தது. டென்மார்க்கில் அதே வருடக் கடைசியோடு அங்கே தபால் நடத்தும் போஸ்ட்நோர்ட் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே விட்டுவிட்டது, பார்சலை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே அவசரமான பொருள், விலை கூடிய பொருள், தேதி தவறக்கூடாத பொருள் என்றால் நானே கூரியரைத்தான் சொல்வேன்.

சரி, அடுத்த ஆர்டருக்கு என்ன செய்வது? பணம் கட்டுவதற்கு முன்னால் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். “எதில் அனுப்புவீர்கள்? பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை, பதிவுத் தபாலை ஒரு தேர்வாக வைக்க முடியுமா? இரண்டு மூன்று நாள் கூடினாலும் பரவாயில்லை, கட்டண வித்தியாசத்தை நான் கொடுத்துவிடுகிறேன்” என்று. தபால் ஏன் ஒசத்தி என்று பாடம் எடுக்க வேண்டாம். தாமதத்துக்கு மட்டமான விமர்சனம் எழுதமாட்டீர்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால், லேபிள் அச்சாகியிருக்கும், அவருக்கும் எரிச்சல்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. “உங்கள் கூரியர் வேண்டாம், நான் சொல்கிற ஆளிடம் கொடுங்கள்” என்று நீங்களே ஆள் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சட்டப்படி, பொருள் உங்கள் கைக்கு வரும்வரை தொலைந்தாலும் உடைந்தாலும் பொறுப்பு விற்பவருடையது. ஆனால் அவர் தேர்வாகத் தராத ஒரு சேவையை நீங்களாக அமர்த்தினால், பொருளை அந்த ஆளிடம் ஒப்படைத்த நொடியிலேயே பொறுப்பு உங்கள் தலைக்கு மாறிவிடும். அதனால் ‘தபாலை உங்கள் தேர்வுகளில் ஒன்றாகச் சேர்த்துத் தாருங்கள்’ என்று கேட்பதுதான் பாதுகாப்பு. வாசலில் வை, மீட்டர் பெட்டியில் வை என்று குறிப்பு எழுதுவதிலும் இதே சிக்கல். நீங்கள் காட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனால் கொடுத்ததாகவே கணக்கு. பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னாலும் அப்படித்தான்.

கூரியர்தான் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னால், வீட்டு விலாசத்தைக் கொடுக்காதீர்கள். பகல் முழுக்க நீங்கள் இருக்கிற வேலையிடத்தின் விலாசத்தை, அங்கே அனுமதி உண்டென்றால், கொடுங்கள். இல்லையென்றால், பார்சலை வாங்கி வைக்கிற கடைகளும் லாக்கர்களும் அந்த கூரியரிடம் உண்டா என்று பாருங்கள். பல கம்பெனிகள், பார்சல் கிளம்பிய பிறகும் டிராக்கிங் பக்கத்திலேயே இடத்தை மாற்ற விடுகின்றன. தபால் பெட்டி எண் வைத்திருந்தால் அதைக் கூரியருக்குக் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க அவர்களுக்கு வழி கிடையாது.

இனி ஒருமுறை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பூட்டிய கதவுச் செய்தி வந்தால், கிடங்குக்கு ஓடாதீர்கள். டிராக்கிங் பக்கத்தை நேரத்தோடு படம் பிடித்து, அன்றைக்கே விற்பவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: “நான் வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை, மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள்.” அன்றைக்கே என்பது முக்கியம். இரண்டு மூன்று முறை ‘முயற்சி’ செய்ததாகப் பதிவாகிவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும், அப்புறம் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று புது வழக்கு கிளம்பும். இடையில், ‘மறு டெலிவரிக்குச் சிறு தொகை கட்டுங்கள்’ என்று லிங்க்கோடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். பார்சலுக்காகக் காத்திருக்கிறவர்களைக் குறிவைத்தே அந்த மோசடி நடக்கிறது.

கடைசியாக அந்த வெளிநாட்டுப் பொட்டலம். எக்ஸ்பிரஸ் கூரியர் சுங்கத்தில் உங்கள் சார்பாக விண்ணப்பம் போட்டு, வரியைத் தன் கையிலிருந்து முதலில் கட்டிவிடுகிறது; அந்த வேலைக்கும் முன்பணத்துக்கும் ஒரு கூலி போட்டு உங்களிடம் வசூலிக்கிறது. பொருளின் விலை சின்னதாக இருந்தால் வரியும் சின்னதாக இருக்கும், கூலி மட்டும் குறையாது. உங்களைக் கடித்தது அதுதான். பல நாடுகளில் தபாலும் ஒரு கையாளும் கட்டணம் வாங்குகிறது, ஆனால் பெரும்பாலும் கூரியரைவிடக் குறைவு. வாங்கும்போதே வரியையும் சேர்த்து வசூலித்துவிடுகிற விற்பவராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரையிலான பொருட்களின் மதிப்புக் கூட்டு வரிக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்லலாமே, விலையைக் குறைத்துப் போடச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது பொய்ப் பிரகடனம், பிடிபட்டால் பொருள் சுங்கத்திலேயே நின்றுவிடும். பிடிபடாமல் வழியில் தொலைந்தாலும், விற்பவர் இழப்பீடு கேட்கும்போது அந்தக் குறைத்து எழுதிய தொகைக்கு மேல் தரமாட்டார்கள்.