ஆரம்ப சுகாதார நிலையத்தின் செயல்திறனை எப்படி அளக்கிறார்கள்?

இருக்கிற மருத்துவர், செவிலியர், மருந்து, பணம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிலையம் மக்களுக்கு எவ்வளவு பலன் தருகிறது என்பதே செயல்திறன். பஸ்ஸின் மைலேஜ் போலத்தான். மலைப்பாதை பஸ்ஸைச் சமவெளி பஸ்ஸோடு ஒப்பிட முடியாது. இந்திய விதிமுறையே சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்கிறது. ஆகவே, ஒரே மாதிரிச் சூழலில் உள்ள நிலையங்களில் சிறந்ததையே அளவுகோலாக வைப்பார்கள்.

எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். வெளிநோயாளிச் சீட்டுகளை எண்ணுவது சுலபம். ஆனால் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிப் போனவர் அட்டையைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவைத்தால்? பதிவேட்டில் அது பலன்; உடம்பில் இல்லை. அடுத்த முறை வரும்போது அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்பதே, என் கணக்கில், உருப்படியான அளவு.

செலவு குறைந்தால் செயல்திறன் கூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். செவிலியர் பணியிடத்தைக் காலியாகவே விட்டாலும் செலவு குறையும்.