முதுமையைப் படிக்க எந்த வாசல்?

"உளவியலில் பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன். இரண்டு வருடம் பாட்டிக்குக் கூடமாட இருந்ததில், முதுமை பற்றியே மேலே படிக்க ஆசை வந்துவிட்டது. அதற்கு டாக்டராக இருக்க வேண்டுமா? எந்தத் துறையில் சேர்வது?" திருச்சியிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்.

டாக்டராக இருக்க வேண்டியதில்லை அம்மா. முதியோர் மருத்துவம் வேறு, முதுமையியல் வேறு. முதலாவது, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான மேற்படிப்பு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிய முதியோர் பிரிவிலிருந்து நம் ஊரில் அது வளர்ந்தது. முதுமையியலோ உடல், மனம், குடும்பம், பணம், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? ஒரு பாட்டி குளியலறையில் விழுகிறார் என்று வையுங்கள். எலும்பு தேய்ந்திருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்தவுடன் தலை சுற்றியிருக்கலாம். கண்புரை இருக்கலாம். வழுக்கும் டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத சுவர். "மருமகளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாமே" என்ற கூச்சமும் ஒரு காரணம்தான். இதில் எந்தத் துறை தனியாக விடை சொல்லும்?

உங்கள் துறையிலேயே இன்னொரு உதாரணம். ஞாபகசக்திச் சோதனையில் பரவலாகப் பயன்படும் ஒன்று, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டி அங்கே மதிப்பெண் இழப்பார். அது மறதி நோயா, அந்தக் காலத்தில் பெண்ணைப் படிக்க வைக்காததன் விளைவா? உளவியல் மட்டும் தெரிந்தவர் இங்கே சறுக்கிவிடுவார். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே அந்தச் சோதனையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். தமிழ்ப் பாட்டிகளிடம் எப்படிக் கேட்பது என்பது நீங்கள் கையில் எடுக்கத் தகுந்த கேள்வி.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1975 முதலே முதுமையியலுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது. உயிரியலும் உளவியலும் சமூகக் கொள்கையும் ஒரே கூரையின் கீழ். நம் பக்கம் அப்படிப்பட்ட இடம் அபூர்வம். அதனால் என் யோசனை: உளவியலை விடாதீர்கள். எம்.எஸ்சி. அதிலேயே செய்யுங்கள், ஆய்வேட்டுத் தலைப்பை முதுமையில் வையுங்கள். எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு எதிலும் காலூன்றாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம், புள்ளியியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி என 72,000-க்கும் அதிகமானவர்களிடம் உடல்நலம், வருமானம், குடும்பம், ஞாபகசக்தி என எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அந்தத் தரவைப் பெறலாம். ஆய்வேட்டுக்கு அது பெரிய புதையல்.

சேர்வதற்கு முன் துறைத் தலைவரிடம் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: சமூகப்பணி அல்லது மருத்துவத் துறையிலிருந்து ஒருவரை இணை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா? "சரி, செய்யலாம்" என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.