மவுனில் ஜூலை வெள்ளம்: தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, போட்ஸ்வானாவில் மவுனுக்கு ஜூலையில் வேலைக்கு வருகிறீர்கள், அந்த மாதம்தான் அங்கே வெள்ளமாமே, கைக்குழந்தையோடு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் நானும் கேட்ட கேள்விதான். தாராளமாக வாருங்கள்.

நம் ஊர் வெள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். ஜூலையில் இங்கே பொட்டு மேகம் இருக்காது. ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். அங்கோலா மேட்டில் அங்கத்திய கோடையில் (ஜனவரி வாக்கில்) பெய்த மழைதான் ஒகவாங்கோ ஆறாக எல்லையோர மொஹெம்போ வழியே உள்ளே வருகிறது. அந்த ஆறு விரிந்து பரவும் டெல்டாவில் 250 கிலோமீட்டருக்கு வெறும் 60 மீட்டர் சரிவு. கோரைப்புல்லுக்குள் ஊர்ந்து மவுன் வந்துசேர மாதக்கணக்காகும். மவுன் வழியே போகும் தமலகானே ஆற்றின் காய்ந்த மணலில் தண்ணீரின் முனை சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும், நடந்தே முந்திவிடலாம். கடலுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது, பெரும்பகுதி ஆவியாகிவிடும். 2019-இல் ஆறே வறண்டு நீர்யானைகள் சேற்றில் சிக்கின. கரையோர வீடு என்றால் 2010, 2011-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். முதலை உண்டு, குழந்தையை நீரோரம் விடவே கூடாது. குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கும். 5,000 லிட்டர் டேங்கும் பம்பும் இல்லாத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மழை தொடங்குமுன் மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது காய்ந்த தரைக்கு. மவுனுக்குக் கிழக்கே உள்ள மக்கடிக்கடி உப்பளத்தில் மேலே வெள்ளைப் பொருக்கு, விரல்கடை கனம். கீழே களிமண் குழைந்து கிடக்கும். பழைய டயர் தடத்தை விட்டு ஒரு கார் நீளம் விலகினால் போதும், வண்டி அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டு வண்டியாகப் போங்கள். மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். மணல் பாதையில் டயர் காற்றை 1.6 பாருக்கு இறக்குங்கள், தார் ரோடு ஏறுமுன் மறுபடி அடியுங்கள். மழை முடிந்தபின் பாதையில் இரண்டு டயர் தடத்துக்கும் நடுவரப்பில் புல் ஆளுயரம் நிற்கும். விதை ரேடியேட்டரை அடைத்து எஞ்சின் கொதிக்கும், சைலன்சர் மேல் சேர்ந்த சருகு தீப்பிடிக்கும். அரை மணிக்கொரு தரம் இறங்கிக் குனிந்து பார்த்து, கம்பியால் குத்தி எடுங்கள். முன்னால் ஒரு வலை கட்டினால் நல்லது.

சம்பளம், பள்ளிக்கூடம், பொன்னி அரிசி? அதற்கெல்லாம் தலைநகர் கபரோனேயில் ஆள் இருக்கிறார்கள். பத்து வருஷம் ஏசியில் உட்கார்ந்துவிட்டு "வெறும் பாலைவனம் சார்" என்பார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரிலேயே ஒரு பங்கு வடக்கேயுள்ள அணைகளிலிருந்து 360 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. பையில் இருக்கும் காசுக்குப் பெயர் பூலா, அதாவது மழை. இதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஒன்று விட்டுப்போனது. மவுனிலிருந்து தெற்கே போகும்போது பச்சை மாட்டுக்கறி எடுத்துப் போகாதீர்கள். கோமாரி என்கிற மாட்டு நோய் பரவாமல் போட்ட வேலியில் நிறுத்திப் பிடுங்கிக்கொள்வார்கள். கிருமி கொல்லும் சோடாக் கரைசலில் செருப்போடு மிதிக்கச் சொல்வார்கள். டிக்கியில் கிடக்கும் ஷூவையும்தான்.