கலெக்டருக்கு இல்லை, மில்காரருக்கு

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இரண்டு பருவம் நெல் கொள்முதல் நிலையத்தில் தற்காலிகப் பட்டியல் எழுத்தராக (பில் கிளார்க்) இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் நெல் வாங்கவும் தரம் பார்க்கவும் ஆள் கேட்டிருக்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கவர் லெட்டர் தமிழில் இருக்கலாமா? எத்தனை பக்கம்? எழுதியதை இணைத்திருக்கிறேன்.
க., நீடாமங்கலம்

அன்புள்ள க.,

விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழி. ஒரு பக்கத்துக்குள். இது இரண்டும் உங்கள் சிக்கலே இல்லை.

சிக்கல் நீங்கள் இணைத்திருக்கும் கடிதம். 'ஏழை விவசாயக் குடும்பம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை படிக்கிறாள், தயவுகூர்ந்து இவ்வேலையை வழங்கி...' தம்பி, இது திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோகிற மனு. பள்ளிக்கூட லீவ் லெட்டரிலிருந்து பயிர்க் காப்பீடு வரை நம் பக்கத்தில் எல்லாமே மனுதான். வேறு மாதிரி எழுத உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அது உங்கள் தப்பில்லை. ஆனால் மில்காரர் கலெக்டர் இல்லையே. உங்கள் கஷ்டம் நிஜம். அவரும் 'பாவம்' என்பார், அடுத்த கடிதத்தைத் திறப்பார். அவருக்கு எதற்கு ஆள் வேண்டும் என்று ஒரு வரியாவது யோசித்தீர்களா?

கணக்குப் போடுங்கள். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ நெல், இருப்பு வைக்கத் தோதாக 14 சதவீதத்துக்குக் காயும்போது ஏறக்குறைய மூன்றரை கிலோ குறையும். வாசலில் ஆள் அசந்து 20 சதவீத ஈரமுள்ள நெல்லை இறக்கவிட்டால் ஏழு கிலோ போச்சு. ஈரத்தோடு அடுக்கினால் மூட்டை சூடேறி அரிசி மஞ்சளாகும். அவசரப்பட்டுச் சூடாகக் காயவைத்தால் மணி விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய் கூடும். பதரும் மண்ணும் தனி. லாரியிலிருந்து மூட்டை இறங்குவதற்கு முன்பே இதையெல்லாம் பிடிக்கிற ஆளைத்தான் அவர் தேடுகிறார்.

அதே வேலையை இரண்டு பருவம் பார்த்துவிட்டு, 'சில காலம் தற்காலிகப் பணி' என்று கடைசிக்கு முந்தின வரியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்! தற்காலிகம் என்றால் கேவலமா? முதல் பத்தி முழுக்க இணையத்தில் எடுத்த 'கடின உழைப்பாளி, சுறுசுறுப்பானவன்'. அத்தனையும் அடியுங்கள். எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள், விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்று இரண்டு வரி. உடனே இப்படி:

'இரண்டு பருவம் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் போட்டேன். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுத்து ஈரப்பதமானியில் பார்ப்பேன். மேல்நெல் காய்ந்திருந்தாலும் அடிநெல் ஈரமாக இருக்கலாம் என்பது தெரியும். 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கையும் லாரியில் ஏற்றிய கணக்கும் பட்டியலும் அன்றன்றே ஒத்துவரும்படி முடிப்பேன்.'

நாளுக்கு எத்தனை மூட்டை என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த எண்ணையும் போடுங்கள். செய்யாததை எழுதாதீர்கள். நேர்காணலில் ஒரு பிடி நெல்லைக் கையில் கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். வேதியியலுக்கு ஒரு வரி போதும். எந்தத் தேதியில் சேர முடியும் என்று முடியுங்கள். அவர்கள் கேட்காமல் சம்பளப் பேச்சு வேண்டாம்.

அனுப்புவதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். பிரவுசிங் சென்டர் முகவரியிலிருந்து அனுப்பினால், பதில் கடைக்காரருக்குப் போகும். அங்கே பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்குங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள், 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2' வேண்டாம். பொருள் வரியில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும். அஞ்சலின் உள்ளே வெறுமையாக விடாமல் கடிதத்தையே ஒட்டுங்கள். நாலு மில்லுக்கு ஒரே கடிதத்தை மாற்றி மாற்றி அனுப்பும்போது போன மில்லின் பெயர் நடுவில் எங்காவது நிற்கும், அனுப்புமுன் அதை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

திருத்தியதை எனக்கு அனுப்ப வேண்டாம். நான் படித்துப் பதில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். நேரே மில்லுக்கு அனுப்புங்கள்.