டர்பன் கோவில் பஜனைக்கு எந்த மைக் வாங்கலாம்? நல்ல கண்டென்சர் ஒன்று போதுமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறிய கோவில் மண்டபம், 100 பேர் உட்காரலாம். முன்பாட்டு இருவர், பின்பாட்டு நாலைந்து பேர், ஹார்மோனியம், மிருதங்கம், வயலின், ஜால்ரா. புரட்டாசி சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கும் கேட்க வேண்டும், பதிவும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ கண்டென்சர் (நுண்ணிய ஓசையையும் பிடிக்கும் மைக்) ஒன்றை வாங்கி நடுவில் வைத்தால் போதுமா?

பதிவுக்கு மட்டும் என்றால் போதும். ஸ்பீக்கரும் ஓடினால் அதன் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து ஊளைதான் மிஞ்சும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடுகிறது, ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் சத்தமோ அப்படியே இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் நடு மைக்கை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. மண்டபத்துக்கு, அருகிலுள்ள ஓசைக்கு ஏற்ற டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைப்பதுதான் வழி. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் ஊளைக்கு முன் சத்தம் கூட்டக் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் குறையும். அதனால் பாடாதவர் மைக்கை மூடி வையுங்கள், ஆளுக்கொரு மைக் கேட்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள். பின்பாட்டுக்கு இரண்டு மைக் தாராளம்.

குரலுக்கு ஷூர் எஸ்.எம். 58 போன்ற, முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு டைனமிக். இதற்கு நேர் பின்புறம்தான் காது கேட்காத இடம், பாடுபவருக்கே திரும்பக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை அங்கே வையுங்கள். பீட்டா 58ஏ போன்ற, இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு வாங்கினால் அந்த இடம் மாறிவிடும்: முன்பக்கத்திலிருந்து சுமார் 125 பாகை திரும்பி, பின்பக்கத்தின் இரு ஓரங்களில் இருக்கும். பழைய இடத்திலேயே மானிட்டரை விட்டுவிட்டு 'புது மைக் மோசம்' என்று திட்டுவதை அடிக்கடி கேட்கலாம். இன்னொன்று, வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பின்துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும். வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தூரம் சரி. மிக அருகில் வந்தால் அடிக்குரல் பருத்துவிடும், அதற்கு, எல்லா மைக்கையும் கலக்கும் மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்துங்கள்.

மிருதங்கத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எஸ்.எம். 57 வகை மைக் இரண்டு வேண்டும். வலந்தலைக்கு (வலக்கைப் பக்கம்) 15 செ.மீ. தள்ளி, நடுவிலுள்ள கருப்புச் சோற்றைப் பார்க்காமல் சாய்வாக ஓரத்தைப் பார்க்கும்படி ஒன்று. நேராக வைத்தால் 'நம்' என்ற சொல் சுத்தமாக வராது, விரல் தட்டும் ஓசையே முன்னால் நிற்கும். தொப்பிக்கு (இடக்கைப் பக்கம்) அதே தூரத்தில் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி ஒன்று, இடக்கை வீச்சுக்கு எட்டாத இடத்தில். இரண்டையும் திறந்தபின் கும்கி (தொப்பியில் இழுத்து வாசிக்கும் ஓசை) மெலிந்து கேட்டால் தொப்பி சேனலில் சிக்னலைத் தலைகீழாக்கும் பொலாரிட்டி பொத்தானை மாற்றிப் பாருங்கள், எந்த நிலையில் அடி நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். ஒரு தோல் உள்ளே அமுங்கும்போது மற்றது வெளியே தள்ளப்படுவதால் இரு மைக்கின் சிக்னலும் ஒன்றையொன்று தின்னலாம். இந்தச் சேனல்களில் 100 ஹெர்ட்ஸ் வெட்டு வேண்டாம், தொப்பியே போய்விடும்.

ஹார்மோனியத்துக்கு ஒரு மைக், மேலிருந்து 25 செ.மீ. தூரத்தில், கட்டைகளின் நடுவைப் பார்த்து. துருத்தியின் காற்றுப் போக்குக்கு நேரே வைத்தால் 'புஸ் புஸ்' என்பதும் பதிவாகும். வயலினுக்கு இரண்டு வழி. கிளிப்பில் மாட்டும் சிறு கண்டென்சர், உதாரணமாக டி.பி.ஏ. 4099, விலை அதிகம், ஓசை அருமை. மலிவான வழி, தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே ஒட்டி அதிர்வை எடுக்கும் பீசோ பிக்கப். ஆனால் பீசோவை நேரே மிக்சரில் செருகினால் தகர டப்பா மாதிரி மெலிந்து ஒலிக்கும். அதற்கு 1 மெகா ஓம் அளவு உள்ளீட்டு மின்தடை வேண்டும், மிக்சரின் லைன் உள்ளீட்டில் அது பெரும்பாலும் 10 கிலோ ஓம்தான். இடையே, இந்தப் பொருத்தத்தைச் செய்து தரும் ஆக்டிவ் டி.ஐ. பெட்டி ஒன்று போடுங்கள். ஜால்ராவுக்கு மைக் வேண்டாம். ஜால்ரா போடுபவரை எல்லாக் குரல் மைக்குகளுக்கும் பின்புறமாக உட்கார வைப்பதே பெரிய வேலை. சுருதிப் பெட்டியை லைனில் கொடுங்கள். போனில் சுருதி ஆப் ஓடினால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

எல்லோரும் தரையில்தான் உட்காருகிறார்கள், ஆனால் கடைக்காரர் நிற்கும் பாடகருக்கான ஸ்டாண்டைத்தான் கொடுப்பார். குட்டை பூம் ஸ்டாண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

பதிவு தனி விஷயம். விலை குறைந்த மிக்சரின் யு.எஸ்.பி. வாயில் வருவது மண்டபத்துக்குக் கலந்த கலவை. மண்டபத்தில் மிருதங்கம் தானாகவே சத்தமாகக் கேட்பதால் மிக்சரில் அதைக் குறைத்து வைத்திருப்பீர்கள், பதிவில் மிருதங்கமே இருக்காது. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதியும் மல்டிட்ராக் மிக்சருக்குப் பணமில்லையென்றால் ஜூம் எச்5 போன்ற ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்றைக் குழுவுக்கு 2, 3 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் வைத்துத் தனியாகப் பதிந்து, பிறகு மிக்சர் பதிவோடு சேருங்கள். 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல், ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு. இல்லாவிட்டால் பாட்டு நின்ற இடைவெளியில் விசிறிச் சத்தம் எழும்பும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல் தட்டினால் இரண்டையும் ஒட்ட வசதி. ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லிசெகண்ட் எடுப்பதால் முன்னால் வைத்த ரெக்கார்டரின் பதிவு கொஞ்சம் பிந்தும். தனித்தனிப் பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் மெல்ல விலகும், ஆகவே முழு நேரத்தையும் ஒரே துண்டாக ஒட்டாமல் பாட்டுக்குப் பாட்டு ஒட்டுங்கள்.

டர்பனின் ஈரக் காற்று கண்டென்சருக்கு எதிரி. கேப்ஸ்யூலில் ஈரம் ஏறினால் பொரிவது போன்ற ஓசையும் இரைச்சலும் வரும். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். கடல் காற்று கேபிள் முனைகளின் ஊசிகளையும் பச்சையாக்கும், காண்டாக்ட் கிளீனர் ஒன்று கையில் இருக்கட்டும். தீபாராதனை நேரத்தில் மைக்கை மூடி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை போடுங்கள். கற்பூரக் கரி உள்ளே படிந்தால் எடுக்க முடியாது. மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், பேசிப் பாருங்கள்.

50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' வந்தால் மிக்சர், ஆம்ப், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். அதற்கும் போகாவிட்டால் டி.ஐ. பெட்டியில், ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுபவர்களை மண்டபத்துக்குள் விடாதீர்கள், ஸ்டாண்டைப் பிடித்தபடி பாடுபவர் உயிர் சம்பந்தப்பட்டது. கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது ப்யூர் சைன் வேவ் ரகமாக இருக்கட்டும், மற்றது ஸ்பீக்கரில் இரையலாம்.

இணையச் சந்தையில் பாதி விலைக்கு எஸ்.எம். 58 கிடைத்தால் தராசில் வையுங்கள்: அசல் 298 கிராம். போலிகள் நிறைய உலவுகின்றன, எடை சரியாக இருந்தாலும் தெரிந்தவர் வைத்திருக்கும் அசலோடு ஒரே சேனலில், ஒரே அளவில், ஒருவரையே பேச வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.